கால் கழுவி நுழைந்த தீவு

எங்கள் வீட்டு வாசலில் இன்றும் ஓர் அண்டாவில் தண்ணீர் இருக்கும். வயலுக்குப் போய் வந்தவரானாலும் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியானாலும் அதில் மொண்டு கால் கழுவிய பிறகே படியேறுவது வழக்கம். பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த இந்த வழக்கத்தின் பொருள் எவ்வளவு பெரியது என்பது, மன்னார்குடியிலிருந்து பூமியின் மறுபாதிக்குப் போய், மனிதர் எவரும் நிலையாகக் குடியிராத ஒரு தீவின் கரையில் இறங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. 2019 நவம்பரில் நானும் என் கணவரும் மகளும் ஆய்வுப் பயணக் கப்பல் ஒன்றில் தெற்கு ஜார்ஜியா தீவுக்குச் சென்று அரச பென்குயின்களைப் பார்த்து வந்தோம். திரும்பி வந்த நாள் முதல் உறவினர்களும் என்னோடு ஆசிரியப் பணியில் இருந்தவர்களும் செலவையும் குளிரையும் பற்றியே கேட்கிறார்கள். அங்கே எதைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பயணத்தில் நான் கற்றவற்றுள் முதன்மையானது அதுதான் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

தெற்கு ஜார்ஜியா, தென் அட்லாண்டிக் கடலில் தெற்கு அட்சரேகை 54 பாகையை ஒட்டி, ஏறத்தாழ 165 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனிமலைகளாக நீண்டு கிடக்கும் தீவு. பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டது. அங்கே விமான நிலையம் கிடையாது. ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் கடலைக் கடந்தே போக வேண்டும். நாங்கள் சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் பிரேசிலுக்கும், அங்கிருந்து அர்ஜென்டினாவுக்கும் பறந்து, அந்நாட்டின் தென்கோடி நகரமான உஷுவாயாவில் கப்பல் ஏறினோம்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலும் அர்ஜென்டினாவும் இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்புகிறவரை விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசியைப் போடுகிறார்கள்; போட்ட பத்தாம் நாள் முதலே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் போய் நிற்பதில் பயனில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் சற்று ஆபத்து கூடுதல் என்பதால் என் கணவர் முதலில் எங்கள் குடும்ப மருத்துவரைக் கலந்துகொண்டார். இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. நடுக்கடலில் உடல்நிலை மோசமானால் கப்பலைத் திருப்பி, கரைக்குக் கொண்டுவந்து, விமானத்தில் ஏற்றி மருத்துவமனை சேர்ப்பதற்கு ஆகும் செலவை நடுத்தரக் குடும்பம் எதுவும் தாங்காது. அந்தச் செலவையும் ஏற்கும் காப்பீடா என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மூட்டை கட்டும்போது என் மகள் காட்டிய கண்டிப்பு அப்போது எனக்கு மனவருத்தத்தையே தந்தது. பருப்புப்பொடியும் உப்பு நார்த்தங்காயும் இஞ்சி மொரப்பாவும் வரலாம் என்றவள், நான் ஆசையாக எடுத்துவைத்த மோர்மிளகாயை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். "அதுக்குள்ள எத்தனை விதை இருக்கு பாரும்மா, ஒண்ணுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றாள். எடுத்துச் சென்ற உணவுப்பொருள் அனைத்தையும் சுங்கப் படிவங்களில் எழுதிக் காட்டினோம். கப்பலை விட்டு இறங்கும்போது அவற்றில் ஒரு துணுக்கைக்கூட உடன் கொண்டுபோகவில்லை.

ஃபாக்லாந்தில் இருந்த இரண்டு நாட்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே அதை விட்டுவிடுகிறேன். அங்கிருந்து கிழக்கே திரும்பியதும் கடல் தன் உண்மையான உருவத்தைக் காட்டியது. கடல் நோய்க்கான மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கி நான் ஒரு பகல் முழுவதும் படுக்கையில் கிடந்தேன். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும் என்பதும், வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்பதும், கப்பலுக்குள் நடக்கும்போது ஒரு கை எந்நேரமும் கைப்பிடியில் இருக்க வேண்டும் என்பதும் அந்த ஒரு நாளில் படித்த பாடங்கள். எனக்கு அன்று கைகொடுத்தவை மொரப்பாவும் நார்த்தங்காயும்தான். கண்ணாடிக்கு வெளியே, இறக்கைகளை ஒருமுறைகூட அடிக்காமல், 3 மீட்டருக்கும் மேற்பட்ட சிறகு விரிப்போடு ஓர் ஆல்பட்ராஸ் பறவை மணிக்கணக்கில் எங்களோடு வந்துகொண்டிருந்தது.

தீவை அடைவதற்கு முந்தைய நாளில்தான் நான் சொல்ல வந்த வேலை நடந்தது. பயணிகள் அனைவரும் கரைக்கு எடுத்துச் செல்லவிருக்கும் உடை, தொப்பி, கையுறை, முதுகுப்பை, கேமராப் பை, ஊன்றுகோல் ஆகிய எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரு கூடத்தில் பரப்ப வேண்டும். வேக்குவம் கிளீனரால் ஒவ்வொரு பையையும் உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி உறிஞ்சி, தையல் மடிப்புகளையும் ஜிப் வரிசைகளையும் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோப் பட்டைகளையும் சிறு இடுக்கியால் துழாவி, காலணியின் அடிப்பள்ளங்களை ஊசி கொண்டு நோண்டி, ஒரு மண்துகளோ விதையோ புல்லிதழோ இல்லை என்று ஊழியர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பெயருக்கு நேரே குறியிடுவார்கள். எங்கள் துணிகளெல்லாம் புதியவை, துவைத்தவை என்பதால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. என் கணவரின் தோள்பை பழையது. கடையில் விதைநெல் வாங்கப் போகும்போதும் வயலைச் சுற்றி வரும்போதும் அவர் தோளில் கிடப்பது. புறப்படும் முன் அதை நான் இரண்டு முறை துவைத்திருந்தேன். ஊழியரான அந்த இளம்பெண் பையின் மூடியிலிருந்த வெல்க்ரோவைப் பிரித்து, விளக்கை அருகில் கொண்டுவந்து, இடுக்கியின் நுனியால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பொருள்களை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். இரண்டு, வைக்கோல் நிறத்தில் முனை கூர்மையாக இருந்தன. மூன்றாவது ஒரு நெற்பதர். குனிந்து பார்த்ததுமே முதல் இரண்டும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டன. முப்பது ஆண்டுகள் தாவரவியல் பாடம் நடத்திய நான், விதை பரவும் முறைகளில் விலங்குகள் மூலம் பரவுவதற்கு எடுத்துக்காட்டாக மாணவர்களின் பாவாடையிலும் கால்சட்டையிலும் ஒட்டியிருந்ததை எடுத்துக் காட்டிய அதே நாயுருவி. எங்கள் வாய்க்கால் கரையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு துவையலையும் நான்கு விமான நிலையங்களையும் கடந்து, பென்குயின் தீவின் வாசல் வரை அது வந்துவிட்டிருந்தது. அந்தக் குளிரில் நாயுருவி முளைக்குமா என்பது வேறு கேள்வி. முளைக்கக்கூடிய வேறொரு விதை அதே வெல்க்ரோவில் இருந்திருக்கலாம் அல்லவா?

என் கைப்பையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ராஜகோபாலசுவாமி கோயிலில் கொடுத்த துளசி, கதிரோடு காய்ந்து, ஒரு காகித மடிப்பில் அதனுள் இருந்தது. அதை எறிய மனம் வரவில்லை. எறிய வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை. ஓர் உறையில் இட்டு ஒட்டி, அறையிலேயே வைத்துவிட்டுக் கரைக்கு வரலாம் என்றார்கள். பயணம் முடியும் வரை அது அங்கேயே இருந்தது.

இந்த எச்சரிக்கை அளவுக்கு மீறியது என்று நினைப்பவர்கள், அடுத்த நாள் நாங்கள் இறங்கிய கிரிட்விக்கன் துறையைப் பார்க்க வேண்டும். நார்வேக்காரரான கார்ல் ஆன்டன் லார்சன் 1904-இல் அங்கே தொடங்கிய திமிங்கில வேட்டை நிலையத்தின் எண்ணெய்க் கொப்பரைகளும் கொதிகலன்களும் இன்றும் துருப்பிடித்து நிற்கின்றன. தென்துருவப் பயணி ஏர்னஸ்ட் ஷேக்கிள்டனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தீவில் கொன்று பதப்படுத்தப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,000-க்கும் மேல் என்று படித்தபோது அந்தக் கொப்பரைகளின் அருகே நிற்கவே மனம் கூசியது. சீல் எனப்படும் கடல்நாய்களின் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களிலிருந்து இறங்கிய இன்னொரு கூட்டம் வேட்டை நின்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. அவை எலிகள். மரம் ஒன்றுகூட இல்லாத அந்தத் தீவில் சிறு பறவைகள் தரையிலும் மண் வளைகளிலும்தான் முட்டையிடும். உலகில் வேறெங்கும் கூடு கட்டாத தெற்கு ஜார்ஜியா பிப்பிட் என்னும் சின்னஞ்சிறு பாடும் பறவை, எலி ஏறிய கரைகளிலிருந்து அடியோடு மறைந்துபோனது. 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக ஹெலிகாப்டர்களிலிருந்து நச்சுத் தீனி தூவி, எலி அற்ற தீவு என்று 2018 மே மாதத்தில்தான் அறிவிக்க முடிந்தது. பனியாறுகள் கடல் வரை இறங்கித் தீவைத் துண்டு துண்டாகத் தடுத்திருந்ததால்தான், ஒரு பகுதியைச் சுத்தம் செய்யும்போது அடுத்த பகுதி எலிகள் உள்ளே வராமல் பகுதி பகுதியாக இதைச் செய்ய முடிந்திருக்கிறது. அந்தப் பனியாறுகளும் உருகிப் பின்வாங்கிக்கொண்டிருக்கின்றன. காலம் தாழ்த்தியிருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் நெடுநேரம் பேசவில்லை. பருவந்தோறும் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர் அவர். "நம்ம அஞ்சு ஏக்கர்லயே ஒரு வருஷமும் முழுசா ஒழிச்சதில்ல. இவங்க ஒரு தீவையே சுத்தம் பண்ணியிருக்காங்க" என்றார் பிறகு. அதற்கு அடுத்த ஒவ்வொரு இறக்கத்திலும் எங்கள் மூவரில் காலணியை அதிக நேரம் தேய்த்தவர் அவர்தான்.

மூன்றாம் நாள் காலை செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் இறங்கினோம். அரச பென்குயின்கள் சுமார் 1,50,000 இணைகள் கூடும் கரை அது. கப்பலின் பக்கவாட்டுப் படியிலிருந்து ஜோடியாக் எனப்படும் காற்றடைத்த ரப்பர் படகில் ஏறும்போது, படகோட்டியின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே முன்கையைப் பற்ற வேண்டும். அவரும் நம் முன்கையைப் பற்றுவார். ஈரக் கையுறை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. கரையில் துறை எதுவும் இல்லாததால், படகின் விளிம்பில் அமர்ந்தபடி கால்களைக் கடல் பக்கம் திருப்பி, அலை பின்வாங்கும் நொடியில் முழங்காலளவு தண்ணீரில் இறங்க வேண்டும். நீர்புகாத கால்சட்டையைக் காலணிக்குள் செருகாமல் அதன் மேலே இறக்கி விட்டிருக்க வேண்டும் என்பதை மறந்த ஒரு பயணி முதல் அலையிலேயே இரண்டு காலணிகளையும் பனிநீரால் நிரப்பிக்கொண்டு திரும்பிப்போக நேர்ந்தது. வரப்பில் நடந்து பழகியவருக்கும் நாற்றங்காலில் இறங்கிப் பழகியவருக்கும் இதில் ஓர் அனுகூலம் உண்டு: பாதத்தை முழுதாகப் பதித்து, எடையைப் பிறகு மாற்றும் நடை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கரையில் நான் முதலில் உணர்ந்தது ஒலியைத்தான். கச்சேரி தொடங்கும் முன் நாகசுரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிச் சரிபார்ப்பாரே, அந்த ஒலியை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சுருதியில் எழுப்பினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. வெறும் இரைச்சல் என்று அதைச் சொல்லிவிட முடியாது. கூடு என்று ஒன்றில்லாத இந்தப் பறவைகள், அந்தப் பெருங்கூட்டத்துக்குள் தன் துணையையும் தன் குஞ்சையும் குரலை வைத்தே கண்டுபிடிக்கின்றன. கடலிலிருந்து வயிறு நிரம்ப மீனோடு ஏறி வந்த ஒரு பென்குயின், கழுத்தை நீட்டி ஒருமுறை கூவி, நின்று, கேட்டு, மீண்டும் கூவி முன்னேறியதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் வாய் திறந்து ஓடிவந்த பசித்த குஞ்சுகள் எத்தனையோ. எதற்கும் அது தலை குனியவில்லை. கடைசியில் ஒரு மூலையிலிருந்து சீழ்க்கை போன்ற பதில் வந்தது. பழுப்பு நிற உருண்டை ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தாயின் அலகைத் தட்டியது; அல்லது தந்தையின் அலகோ, பார்த்துச் சொல்ல இயலாது, ஏனெனில் இரண்டும் ஒரே தோற்றம்.

அந்தக் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடல் முழுவதும் பழுப்புக் கம்பளி போர்த்தியது போலிருந்ததால், பழங்கால மாலுமிகள் அவற்றை வேறோர் இனம் என்றே எண்ணியிருந்தார்களாம். ஒரு முட்டையை இரண்டு பேரும் மாறி மாறிக் காலின் மேல் ஏந்தி, வயிற்று மடிப்பால் மூடி, சுமார் 54 நாள் அடைகாத்துப் பொரிப்பதில் தொடங்கி, அந்தக் குஞ்சு தானே கடலில் இறங்கும் வரை ஓராண்டுக்கும் மேலாகிவிடுகிறது. இடையில் வரும் குளிர்காலம் முழுவதும் பெற்றோர் எப்போதாவது ஒருமுறை வந்து ஊட்டிய உணவைக் கொண்டு அது தாக்குப்பிடிக்க வேண்டும். நாங்கள் கண்டவை அப்படிக் குளிர்காலத்தைக் கடந்து வந்த குஞ்சுகள். சிலவற்றுக்குக் கம்பளி திட்டுத்திட்டாக உதிர்ந்து, அடியில் புதிய வெள்ளிச் சாம்பல் சிறகு தெரிந்தது.

பென்குயினிடமிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ரோமச் சீல்களிடமிருந்து இன்னும் கூடுதலாக. ஆனால் பென்குயினுக்கு அந்த விதி கிடையாது. நான் ஈரமில்லாத ஒரு கல்லில் அமர்ந்திருந்தபோது ஒரு குஞ்சு ஒவ்வொரு அடியாக வைத்து நெருங்கி வந்து, என் காலணியின் வாரை அலகால் இழுத்துப் பார்த்து, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது. அதன் கண்ணின் ஓரத்தில் ஒரு சிறு இறகு ஒட்டியிருந்ததும், மூச்சு விடும்போது நெஞ்சுக் கம்பளி விலகி விலகி மூடியதும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. கை நீட்டத் தோன்றியது, நீட்டவில்லை. அப்போது அசையாமல் இருப்பதுதான் நாம் செய்ய வேண்டியது. என் கணவர் சற்றுத் தொலைவில் இருந்து, "ஆடாம இரு, அதுவே போகும்" என்று மெல்லச் சொன்னார். அதுவும் போயிற்று. கரைக்கும் கூட்டத்துக்கும் இடையே அவை நடந்து நடந்து உண்டான பாதைகள் இருக்கின்றன. அவற்றின் குறுக்கே நாம் நின்றால், கடலுக்குப் போக வந்த வரிசை முழுவதும் நின்று திகைக்கும்; வரிசை கடந்துபோகும் வரை ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். இறகு உதிர்த்துக்கொண்டு அசையாமல் நிற்பவற்றிடமிருந்து இன்னும் விலகிப்போக வேண்டும். அந்த மூன்று நான்கு வாரங்கள் அவை கடலில் இறங்க முடியாமல், உண்ணாமல், உடலிலுள்ள கொழுப்பைக் கொண்டே உயிர் வாழ்கின்றன. நம்மைக் கண்டு மிரண்டு ஓடும் ஒவ்வோர் அடியும் அந்தச் சேமிப்பிலிருந்து கழிகிறது.

நான் அமர்ந்திருந்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது போகிறவர்கள் அப்படி அமர முடியாது. 2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியாவையும் எட்டிவிட்ட பிறகு, கரையில் உட்காரவோ மண்டியிடவோ படுக்கவோ பையைத் தரையில் வைக்கவோ கூடாது என்று விதித்திருக்கிறார்கள். தரையைத் தொடலாம் என்றிருப்பவை காலணியின் அடிப்பகுதியும் ஊன்றுகோலின் முனையும் மட்டுமே. சில கரைகளை மூடவும் செய்தார்கள். எனவே பணம் கட்டும் முன்பே, எந்தெந்தக் கரைகள் திறந்திருக்கின்றன, கரை மூடப்பட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டறிய வேண்டும். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பதால், அதைவிட அதிகம் பேர் செல்லும் பெரிய கப்பலில் நம் முறைக்குக் காத்திருக்கும் நேரம் கூடும். சிறிய கப்பலுக்குக் கட்டணம் அதிகமானாலும் கரையில் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். காற்று எழுந்தால் இறக்கத்தை ரத்து செய்துவிடுவார்கள். எங்களுக்கு மறுநாள் இரண்டு இறக்கங்கள் அப்படிப் போயின. அதற்காகப் படகோட்டியிடம் வாதாடிய சிலரைப் பார்த்தபோது, அலையையும் காற்றையும் அறிந்தவரின் சொல்லை மீறக் கூடாது என்பதை நாகப்பட்டினத்து மீனவர் ஒருவர் வந்து அவர்களுக்குச் சொன்னால் நன்றாயிருக்குமே என்று நினைத்தேன்.

ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் பின்பும் காலணியைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைத்துத் தேய்த்தோம். திரும்பும்போது அடிப்பள்ளங்களில் பென்குயின் எச்சமும் சகதியும் கெட்டியாக அப்பியிருக்கும். அடுத்த கரைக்கு இந்தக் கரையின் நோய் போகக் கூடாது என்பதற்காக அதை முற்றிலும் எடுக்க வேண்டும். குனிந்து தேய்க்க முடியாத முதியவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஊழியர் உதவுவார்கள். வெல்க்ரோ வைத்த எதையும் இனி ஒருபோதும் வாங்காதீர்கள் என்பதே போகவிருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை. பொத்தானும் ஜிப்பும் வைத்த புதிய உடையே போதும். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. புதிதாக வாங்கிய காலணியானாலும் நம் ஊர்த் தெருவில் நடந்து பழக்கிய பிறகு அதன் அடியைப் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு தரையில் வைக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

நாங்கள் ஊர் திரும்பியபோது சம்பா பயிர் நன்றாக நின்றது. முந்தைய ஆண்டு கஜா புயலில் விழுந்த தென்னைகளின் இடத்தில் வைத்த கன்றுகளும் வேர் பிடித்திருந்தன. வழக்கம்போல் தை மாதம் கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போனோம். கஜாவுக்கு முன்பும் பின்பும் அந்தக் காட்டுக்குள் பரவிக்கொண்டேயிருக்கும் சீமைக் கருவேலத்தைப் பார்த்து, "இதுவும் யாரோ கொண்டுவந்ததுதானே" என்று மகள் கேட்டாள். ஆம் என்றேன்.

அந்த வாரமே அறுவடை இயந்திரம் எங்கள் வயலுக்கு வந்தது. பல ஊர் வயல்களை அறுத்துவிட்டு நேரே வரப்பேறிய அதை, என் கணவர் கை காட்டிக் களத்திலேயே நிறுத்தினார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் துடைச்சுட்டு இறங்கலாம்" என்று சொல்லி, கீழே தார்ப்பாயை விரித்து, ஓட்டுநரும் அவருமாகச் சக்கரத்தையும் கத்தி வரிசையையும் தானியப் பெட்டியின் மூலைகளையும் துடைப்பத்தால் பெருக்கித் தட்டினார்கள். அரை மணி நேரம் பிடித்தது. தார்ப்பாயில் சேர்ந்ததை முறத்தில் இட்டுப் புடைத்துப் பார்த்தேன்: வேறு ரக நெல், குதிரைவாலிப் புல்லின் விதை, கோரைக் கிழங்கு ஒட்டிய மண்கட்டிகள், பெயர் தெரியாத சிறு கறுப்பு விதைகள் என்று இரண்டு படிக்கு மேல் இருந்தது. அவர் அதை அடுப்புக்கு எடுத்துப் போனார்.